நாலாவது டேங்க்

நஞ்சன்கூடு ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், சென்னப்பனின் பீர் ஆலை இருந்தது. ஆலை என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். ஒரு கொட்டகை, ஒரு பாய்லர், ஆயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்குகள், ஒரு லேப், முதலாளிக்கு ஒரு ஏ.சி. அறை. அவ்வளவுதான். லேப்பில் ஒரே ஓர் ஆள். பெயர் தாரணி, வயது இருபத்து மூன்று, பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த கொத்தனார் பழனிமுத்துவின் மகள். அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள். படித்த படிப்பைக் கொண்டுபோய்ப் பீரில் ஊற்றிவிட்டாளே என்று சொந்தத்தில் யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. அம்மா சித்தம்மா, தான் வேலை செய்கிற விஜயநகர் வீடுகளில் எல்லாம், "பொண்ணு பார்லி கம்பெனில இருக்கறா. சீக்காளிங்களுக்குக் கஞ்சி காய்ச்சற கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தாள். பார்லி என்பது வரைக்கும் உண்மை.

அந்த ஆலையில் திங்களும் புதனும் காலை பதினொரு மணிக்கு மார்க் போடுவார்கள். முதலாளி அறையில் மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, டேங்கிலிருந்து பிடித்துவந்த பீரைத் தாரணி மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி வைப்பாள். முதலில் சென்னப்பன் ஒரு வாய் குடிப்பார். மீசையைத் துடைப்பார். ஐந்துக்கு இத்தனை என்று அறிவிப்பார். அவர் நாலு என்றால் அவருடைய அக்கா மகன் மதன் மூன்றரை போடுவான். மதன் மூன்றரை என்றால் மேனேஜர் பழனி மூன்று. முதலாளிக்கு மேலே போட்டால் திமிர். சமமாகப் போட்டால் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த மாதிரி. ரொம்பக் குறைத்தால் அவர் நாக்கையே குறை சொன்ன மாதிரி. அதனால் ஆளுக்கு அரை மார்க் இறக்கம். யாரும் எழுதி வைக்காத சட்டம், யாரும் மீறியதும் இல்லை.

தாரணி கதவோரம் ரெஜிஸ்டரோடு நிற்பாள். பீரைக் காய்ச்சுவது அவள், சோதிப்பது அவள், என்ன கோளாறு என்று எழுதி வைப்பதும் அவள். மார்க் மட்டும் கிடையாது. முதலாளி வாயைத் திறந்ததுமே மற்ற இரண்டு மார்க்கையும் அவளே எழுதிவிடுவாள். அப்புறம்தான் அவர்கள் தம்ளரையே எடுப்பார்கள். ஒருமுறை மதன் தம்ளரைத் தொடாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். ஒன்றும் வித்தியாசம் வரவில்லை.

1999 செப்டம்பர். தசராவுக்கு ஒரு மாதம் இருந்தது. ஹுணசூர் ரோட்டில் புதிதாகத் திறந்த பெரிய ஹோட்டல், தசரா பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்காக உள்ளூரில் சின்ன அளவில் காய்ச்சிய பீர் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தது. ஒன்றுதான். ஆலையில் அப்போது, இரண்டாவது டேங்கில் இருந்த வழக்கமான பீரைத் தவிர, இரண்டு புது பீர் தயாராகிக்கொண்டிருந்தது. ஒன்றாவது டேங்கில் மதன் அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கொண்டுவந்த முறைப்படி போட்ட மஞ்சள் பீர். மூன்றாவது டேங்கில் தாரணி போட்ட கருப்பு பீர். ராகியை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து, பார்லியோடு சேர்த்துக் காய்ச்சியது. ராகி வாங்கக் கம்பெனி ஒத்துக்கொள்ளாததால் வீட்டிலிருந்து மூட்டையாகப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். கஞ்சிக் கம்பெனிக்கு ராகி போவதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கருப்பு பீர் முதலில் மேஜைக்குப் போனது. சென்னப்பன் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் அப்போதே சுருங்கிவிட்டது.

"என்ன அம்மிணி இது, கசாயமாட்ட இருக்குது?"

"ராகிங்க. வறுத்தது."

"ராகிக் களி திங்கறதுக்கு. குடிக்கறதுக்கா?" ஒரு வாய் குடித்தார். "ஒண்ணரை."

மதன் ஒன்று. பழனி அரை. தாரணி எழுதினாள். பேனா காகிதத்தைக் கொஞ்சம் கிழித்தது.

அடுத்தது மதனின் மஞ்சள் பீர். அன்றைக்கு ஒரு புது வழக்கம் பிறந்தது. மதன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, தம்ளருக்கு முன்னால் வைத்தான்.

"மாமா, இது இன்டர்நெட். அமெரிக்காவுல ஒரு வெப்சைட். உலகத்துல இருக்கற பீர் எல்லாத்துக்கும் சனங்க மார்க் போடறாங்க. நம்ம பீருக்குப் பாருங்க, நாலு புள்ளி ஆறு."

"அமெரிக்காக்காரனா போட்டான்?"

"டெக்சாஸ், ஒஹாயோ, எல்லாம் இருக்கு மாமா. ஏழு பேர்."

சென்னப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் எண் எந்த மொழியிலும் எண். தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். வழக்கமாக உடனே சொல்கிறவர், காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"நாலு புள்ளி ஒண்ணு."

தாரணிக்குப் புரிந்துவிட்டது. அரை மார்க் இறக்கம். முதலாளிக்கே ஒரு முதலாளி கிடைத்துவிட்டான். மதனுக்கு மூன்று புள்ளி ஆறு, பழனிக்கு மூன்று புள்ளி ஒன்று என்று அவர்கள் வாய் திறக்கும் முன்பே எழுதினாள்.

"அப்ப முடிஞ்சுது. மஞ்சளை ஓட்டலுக்குக் குடுக்கறோம்" என்றார் சென்னப்பன். "சனிக்கெழம மூணாவது டேங்க்கைத் தொறந்து சாக்கடைல உட்டுருங்க. அதுலயும் மஞ்சளே போடோணும்."

"சார்" என்றாள் தாரணி. "ஒண்ணாவது டேங்க்ல வெண்ணெய் வாசம் அடிக்குதுங்க. ஈஸ்ட் சரியா வேலை செய்யறதுக்கு முன்னாலயே குளிர வெச்சுட்டாங்க. நான் ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேன்."

"வாசம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"குடிச்சுத்தாங்க."

பழனி கூரையைப் பார்த்தார்.

"அதை வெளியில எங்கயும் சொல்லிக்காத அம்மிணி" என்றார் சென்னப்பன், மகளுக்குப் புத்தி சொல்கிற குரலில். "நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு இருக்குது."

மதன் சிரித்தான். "மாமா, ஏழு பேர் சொல்றாங்க. இவங்க ஒருத்தர் சொல்றாங்க."

ஃபைலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த அந்தக் காகிதத்தைத் தாரணி லேப்பில் உட்கார்ந்து படித்தாள். டெக்சாஸ்காரன் 'பாட்டிலைத் திறந்ததும்' என்று ஆரம்பித்திருந்தான். எந்த பாட்டில்? அந்தப் பீர் டேங்கில் ஏறி ஒன்பது நாள்தான் ஆகிறது. இன்னும் ஒரு சொட்டு பாட்டிலுக்குப் போகவில்லை. ஒஹாயோக்காரன் 'வெண்ணெய் போன்ற செழுமையான வாசனை' என்று புகழ்ந்திருந்தான். தாரணி ரெஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்தாள். 'வெண்ணெய் வாசனை. கோளாறு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கோளாறை விட்டுவிட்டு வெண்ணெயை மட்டும் ஒஹாயோவுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். காகிதத்தின் அடிப்பக்கம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

வெட்டியதில் என்ன இருந்தது என்பதுதான் அவளை அன்று சாயங்காலம் சரஸ்வதிபுரத்து சைபர் கஃபேக்குக் கூட்டிப்போனது. மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்து, பக்கம் ஒரு கோடு ஒரு கோடாக இறங்கியது. அது ஆலையின் பழைய பீருக்கு முன்பே திறந்திருந்த பக்கம்; மார்க் வரிசையில் கடைசியாக, எட்டாவதாக ஒருவர் இருந்தார். ஹாலந்துக்காரர். போன வருஷம் மைசூர் வந்தபோது ஒரு பாரில் சென்னப்பனின் பழைய பீரைக் குடித்திருக்கிறார். 'நனைந்த செய்தித்தாள் வாசனை. பாட்டிலை வெயிலில் அடுக்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாட்டிலைக் கழுவியது மட்டும் சுத்தம். இரண்டு.'

தாரணிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பாட்டில் கேஸ்களை வெயிலில் அடுக்காதீர்கள், பழைய பேப்பர் வாசம் வருகிறது என்று அவள் ரெஜிஸ்டரில் மூன்று தடவை எழுதியிருக்கிறாள். மூன்று தடவையும் பழனி 'பார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், ஒரே பாட்டிலில், அதையே கண்டுபிடித்து எழுதியிருக்கிறான். அந்த ஒரே உண்மையான ஆளைக் கத்தரி போட்டு வெட்டிவிட்டு, பிறக்காத ஏழு பேரை மேஜையில் உட்கார வைத்திருக்கிறான் மதன்.

காசு கட்டிய நேரத்தில் அரை மணி பாக்கியிருந்தது. கோபத்துக்கு அது போதும்.

புது பீர் சேர்க்க அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. யார் வேண்டுமானாலும் பெயர் போடலாம். தாரணி போட்டாள்: 'மைசூர், நாலாவது டேங்க்.'

அந்த ஆலையில் நாலாவது டேங்க் கிடையாது. ஆனால் அது சென்னப்பனுக்குத் தெரியாது. டேங்க் வாங்கிப் பொருத்துகிற பொறுப்பை அவர் மதனிடம் விட்டிருந்தார். ஜூலையில் "வந்துதா?" என்று கேட்டபோது, திட்டு வாங்கப் பயந்து மதன் "பொருத்தியாச்சு மாமா" என்று சொல்லிவிட்டான். பழனியும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். முதலாளிக்கு முழங்கால் வலி. வழுக்குகிற கொட்டகைத் தரைக்கு அவர் வருவதில்லை. டேங்குக்காகக் கட்டிய சிமென்ட் மேடையில் வேலையாட்கள் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இல்லாத அந்த டேங்கின் பீரைப் பற்றித் தாரணி நாலு பேராக எழுதினாள். மான்செஸ்டர் ஜார்ஜ் ஐந்து போட்டான். சிட்னியில் ஒருத்தி ஐந்து. டொரன்டோவில் ஒரு டாக்டர் ஐந்து. எல்லாரும் ஐந்து போட்டால் சந்தேகம் வரும் என்று ஜெர்மன்காரன் ஒருத்தனை நாலு புள்ளி ஆறு போட வைத்தாள். ஆள்தான் பொய். எழுதியது எல்லாம் மூன்றாவது டேங்கில் இருக்கிற பீர்: வறுத்த ராகி வாசனை, கருத்த நிறம், கடைசியில் நாக்கில் நிற்கிற கசப்பு. மொத்தத்தில் நாலு புள்ளி ஒன்பது. ஜார்ஜுக்கு மட்டும் ஒரு மீசை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை சென்னப்பனே மதனைக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்டர்நெட்டு இன்னிக்கு என்ன சொல்லுது?" திங்களிலிருந்து அவருக்கு அது பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிட்டது. மதன் அந்த வெப்சைட்டில் இருந்த மைசூர் பீர்களின் பட்டியலை அச்சடித்து, படிக்காமலே கொண்டுவந்து நீட்டிவிட்டான். சென்னப்பன் எண்ணை மட்டும் தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு புள்ளி ஒம்பது! நாலாவது டேங்க்காமா. டேய் மதனு, இத ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

மதன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். இல்லை என்றால் ஜூலைப் பொய் வெளியே வரும். ஆமாம் என்றால் டேங்க் வேண்டும். "சும்மா... சர்ப்ரைஸ் மாமா" என்றான்.

பழனி இருமினார்.

"சாம்பிள் எங்க? கொண்டாரச் சொல்லு."

"நான் கொண்டு வரேங்க" என்றாள் தாரணி.

மதனும் பழனியும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொட்டகைக்குப் போய், மூன்றாவது டேங்கின் குழாயைத் திறந்து, திங்கட்கிழமை ஒன்றரை வாங்கிய அதே பீரைப் பிடித்துக்கொண்டு வந்து, மூன்று தம்ளர்களில் ஊற்றினாள்.

சென்னப்பன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெறத்தைப் பாரு. ராசா மாதிரி." குடித்தார். கண்ணை மூடினார். "திங்கக்கெழம ஒரு கசாயம் குடுத்தியே அம்மிணி, அதுக்கும் இதுக்கும் எத்தன தூரம் பாரு. இதாம் பீரு! நாலு புள்ளி நாலு."

"மூணு புள்ளி ஒன்பது" என்றான் மதன், குரலே எழாமல்.

"மூணு புள்ளி நாலு" என்றார் பழனி. "ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"கையெழுத்துங்க" என்று தாரணி ரெஜிஸ்டரை நீட்டினாள். மூவரும் போட்டார்கள். அவர்கள் முன்னாலேயே சென்னப்பன் போனை எடுத்து ஹோட்டலைக் கூப்பிட்டு, காகிதத்தைப் பார்த்து எண்ணைப் படித்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

வெளியே வந்ததும் பழனி அவள் பின்னாலேயே ஓடிவந்தார்.

"தாரணி, நாலாவது டேங்க் எங்கம்மா இருக்கு?"

"நீங்கதானே சார் மூணு புள்ளி நாலு போட்டீங்க. எதுக்குப் போட்டீங்க?"

"ஐயோ கடவுளே" என்றார் பழனி. அன்று பிற்பகல் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மதன் அப்படிப் போகிறவன் இல்லை. வியாழக்கிழமை ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு லேப்புக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

"நீதான் எழுதினேன்னு தெரியும். மான்செஸ்டர்ல யாருக்கு ராகி வாசனை தெரியும்?"

"ஒஹாயோக்காரனுக்கு என் ரெஜிஸ்டர் தெரியறப்ப, மான்செஸ்டர்காரனுக்கு ராகி தெரியக் கூடாதா?"

மதன் டப்பாவை மேஜையில் வைத்தான். "சரி விடு. ரெண்டு பேருக்கும் நல்லதா ஒரு வழி சொல்றேன். மூணாவது டேங்க் மேல இருக்கற மூணை நாலாக்கிடலாம். மூணாவது எங்கன்னு மாமா கேட்டா, இடிச்சு எடுத்தாச்சு, புதுசு வெச்சாச்சுன்னு நான் சொல்லிக்கறேன். உன் பீர் சாக்கடைக்குப் போகாது. ஓட்டலுக்குப் போகும். உனக்கு இதுதானே வேணும்?"

வேண்டும்தான். ஆயிரம் லிட்டர். இருபது நாள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மூட்டை. தாரணி டப்பாவைப் பார்த்தாள்.

"செய்முறைப் பேப்பர்ல யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். நாலாவது டேங்க் என் பொறுப்பு இல்லையா? உன்னோடது போட்டா மாமா கேப்பாரு."

"அப்ப பீர் என்னோடது, பேர் உங்களோடது, டேங்க் யாரோடதும் இல்ல."

"பீர் மிஞ்சுதுல்ல? யோசிச்சுப் பாரு. உன் பேர் போட்டா அது கசாயம். என் பேர் போட்டா நாலு புள்ளி நாலு. நானா அப்படிப் பண்ணினேன்? உலகம் அப்படி."

அவன் சொன்னதில் பாதி சரி என்பதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. பெயின்ட் டப்பாவை எடுத்து, ஆசிட் பாட்டில்கள் வைக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு மழை வரும்னு சொல்றாங்க. பெயின்ட் காயாது" என்றாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் சாப்பிடவில்லை. என்னடி என்று சித்தம்மா கேட்டாள். "கஞ்சி தீஞ்சு போச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. எல்லாரும் ஒரு கோட்டுக்காரரை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது மோகனப்ரியா, முப்பது வயது இருக்கும், காட்டன் புடவை, காலில் ஷூ. ஹோட்டலின் பாருக்கு வேண்டியதை வாங்குகிற வேலை அவளுடையது. கையில் மஞ்சள் பீருக்கு ஒன்றும் நாலாவது டேங்குக்கு ஒன்றுமாக இரண்டு காகிதங்கள் இருந்தன. அவளும் இன்டர்நெட் பார்த்திருக்கிறாள்.

சென்னப்பன் காபி வரவழைத்தார். போண்டா வரவழைத்தார். பழனி இன்னொரு காபி என்றார். மதன் வெயில், மழை, தசரா ஊர்வலம் எல்லாவற்றையும் பேசினான். மோகனப்ரியா இரண்டாவது காபியைத் தள்ளி வைத்தாள்.

"டேங்க் பாக்கணும் சார். எங்க ஹோட்டல் ரூல். பாக்காம வாங்க மாட்டோம்."

"தரை வழுக்கும் மேடம்" என்றார் பழனி.

"அதுக்குத்தான் ஷூ போட்டுட்டு வந்தேன்."

சென்னப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாலு புள்ளி ஒன்பது வாங்கிய டேங்கை அவரும் இன்னும் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். மதன் ஒரு பக்கம், பழனி ஒரு பக்கம் தாங்க, எல்லாரும் கொட்டகைக்குப் போனார்கள். தாரணி ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

டேங்குகள் வரிசையாக நின்றன. சிவப்பில் ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் சிமென்ட் மேடை. மேடையில் நாலு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு.

சென்னப்பன் இடமிருந்து எண்ணினார். வலமிருந்து எண்ணினார்.

"மதனு, நாலாவது எங்கடா?"

மதன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான், உற்றுப் பார்த்தால் டேங்க் முளைத்துவிடும் என்பது போல.

"நாலாவது டேங்க் கிடையாதுங்க" என்றாள் தாரணி. "எப்பவும் இருந்ததில்ல. இன்டர்நெட்ல எழுதினது நான். அந்த நாலு பேரும் நான்தான். ஒண்ணாவது டேங்க்குக்கு எழுதின ஏழு பேரு யாருன்னு மதன் சாரைக் கேளுங்க. அது இன்னும் பாட்டிலுக்கே போகல."

"அப்ப நான் புதங்கெழம குடிச்சது?"

அவள் ரெஜிஸ்டரைப் பிரித்து இரண்டு பக்கத்தையும் காட்டினாள். "திங்கக்கிழமை நீங்க கசாயம்னு ஒண்ணரை போட்டதுதாங்க புதன்கிழமை நாலு புள்ளி நாலு. ஒரே டேங்க். மூணாவது. கையெழுத்து உங்களோடது."

சென்னப்பனின் முகம் சிவந்தது. "என்ன தைரியம்! என்னையே முட்டாளாக்கிப்போட்டியா? நாளையிலிருந்து வேலைக்கு வராத!"

"நான் ஒரு பொய் எழுதினேங்க. தப்புத்தான். ஆனா அதுக்கு முன்னால ஒரு வருசமா நெசத்தை எழுதினேன். வெயில்ல அடுக்காதீங்கன்னு எழுதினேன், வெண்ணெய் வாசம்னு எழுதினேன். யாராவது படிச்சீங்களா? நான் சொன்னா எடுபடாதது ஜார்ஜ் சொன்னா எடுபடுது. நானும் ஜார்ஜ் ஆயிட்டேன். இதுல முட்டாள் யாருன்னு எனக்குத் தெரியல."

மோகனப்ரியா இரண்டு காகிதத்தையும் மடித்துக் கைப்பையில் போட்டாள். "எனக்கு ரெண்டு தம்ளர் குடுங்க" என்றாள்.

தாரணி ஒன்றாவதிலிருந்து ஒரு தம்ளர், மூன்றாவதிலிருந்து ஒரு தம்ளர் பிடித்துக் கொடுத்தாள். இதுவரை மற்றவர்களின் மார்க்கை முன்கூட்டியே எழுதியவளுக்கு இந்த மார்க் என்ன வரும் என்று தெரியவில்லை. இதுவும் கசாயம் என்றால்? சாக்கடை நாளைக்கு இல்லை, இன்றைக்கே.

மோகனப்ரியா மஞ்சளை முகர்ந்தாள். "தியேட்டர் பாப்கார்ன்" என்றாள். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினாள். கருப்பை முகர்ந்தாள். குடித்தாள். வாயைத் துடைத்தாள். மறுபடி குடித்தாள்.

"கசப்பு ஜாஸ்தி" என்றாள். "கடைசியில நாக்கைப் பிடிச்சு இழுக்குது. ஆனா இன்னொரு வாய் குடிக்கச் சொல்லுது. நாலு புள்ளி ஒன்பதெல்லாம் இல்லம்மா. மூணரை."

"மூணரையா?" தாரணிக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வாங்கியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அது மார்க்கே இல்லை. இது மார்க். "மூணு முக்காலாவது போடக் கூடாதுங்களா? ராகில இந்த மாதிரி வேற யாரு செய்யறாங்க?"

"வேற யாரும் செய்யலேன்னா மார்க் கூடுமா?"

தாரணி தரையைப் பார்த்துச் சொன்னாள்: "கரன்ட் போயிருச்சுங்க. பம்ப் ஓடல. சுடச்சுட, கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவோட இருபத்தஞ்சு நிமிசம் அப்படியே நின்னுருச்சு. அதான் கசப்பு."

"அதை நான் கேக்காமயே சொல்றீங்க பாருங்க" என்றாள் மோகனப்ரியா. "முப்பது கேஸ் எடுத்துக்கறேன். லேபிள்ல டேங்க் மூணுன்னு இருக்கணும். ஒவ்வொரு தடவையும் இவங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் வரணும். வேற யாரோடதும் வேண்டாம். அப்புறம் இன்டர்நெட்ல போட்ட கதையை இன்னிக்கே எடுத்துடுங்க. எங்க கெஸ்ட் நாலாவது டேங்க் கேட்டா நான் எங்க போவேன்?"

சென்னப்பன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு தானே ஒன்றாவது டேங்கிடம் நடந்து போய், குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார். எதிரில் காகிதமும் இல்லை, எண்ணும் இல்லை. வாயில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் நாக்கு பல வருஷம் கழித்து வேலைக்கு வந்திருந்தது.

துப்பினார்.

"வெண்ணெய்தான்" என்றார். "மதனு, வால்வைத் தொற. முழுசும் போகட்டும். நீயே நின்னு பாரு." பிறகு தாரணியைப் பார்க்காமல், "நாளைக்கு வராம இருந்துறாத அம்மிணி. முப்பது கேஸை யாரு நெரப்பறது?" என்றார்.

மஞ்சள் நுரை வாய்க்காலில் பொங்கிக்கொண்டு போனது. மதன் ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்து ஒதுங்கினான்.

சாயங்காலம் சைபர் கஃபேயில் தாரணி கால் மணி நேரம் போராடினாள். எழுதியதை அழிக்க அந்தப் பக்கத்தில் வழியே இல்லை. ஜார்ஜ் அழிய மறுத்தான். சிட்னிக்காரியும் டாக்டரும் ஜெர்மன்காரனும் அப்படியே ஐந்தும் நாலு புள்ளி ஆறுமாக உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர்களுக்குக் கீழே இன்னொன்று எழுதினாள். இந்த முறை சொந்தப் பெயர், அப்பா பெயரோடு: தாரணி பழனிமுத்து, மைசூர்.

'மேலே இருக்கிற நாலு பேரையும் நம்ப வேண்டாம். அவர்களை நான்தான் பெற்றேன். நாலாவது டேங்க் கிடையாது. மூன்றாவது உண்டு. ராகி. கசப்பு அதிகம்.' மார்க் கட்டத்துக்கு வந்ததும் விரல் நாலின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்து மேஜையில் யாரும் பார்க்கவில்லை. போட்டால் யாருக்குத் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றரை போட்டாள்.

நேரம் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வீணாக்க மனசு வரவில்லை. மதனின் மஞ்சள் பீர்ப் பக்கத்தைத் திறந்து, டெக்சாஸ், ஒஹாயோ எல்லாருக்கும் கீழே, ஹாலந்துக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்று போட்டு எழுதினாள்:

'வெண்ணெய் நன்றாக இருந்தது. அடுத்த முறை வருகிறவர்கள் ரொட்டி கொண்டுவரவும்.'